நிறுத்தி அடிப்பதா, நேரே அடிப்பதா?

தமிழாசிரியர் கூடும் இடத்தில் கோல்ப் ஆட்டத்தைப் பற்றிப் பேசப் புகுந்தால் பலர் முகத்தில் ஒரு புன்னகை அரும்புவதைக் கண்டிருக்கிறேன். 'இது செல்வர் ஆட்டம். நமக்கென்ன வேலை அங்கே?' என்பது அப்புன்னகையின் பொருள். பந்தாட்டம் என்றால் நம் பிள்ளைகளுக்குக் கால்பந்து. தோட்டத்துத் திடலில் மாலை வேளையில் வேறு ஆட்டம் ஏது? எனினும் இந்நாட்டின் கோல்ப் திடல்களில் புல்லை வெட்டியவரும், மணலைச் சீவியவரும், பையைத் தோளில் சுமந்து ஆட்டக்காரர் பின்னால் நடந்தவரும் பெரும்பாலும் யார் என்று எண்ணிப் பார்த்தால், அந்த ஆட்டம் நமக்கு அவ்வளவு அயலானதன்று என்பது புலப்படும்.

தமிழில் இதற்குக் குழிப்பந்தாட்டம் என்று பெயரிட்டிருக்கிறார்கள். நல்ல பெயர்தான். ஆனால் திடலில் வேலை செய்த எங்களவர் ஒருவர்கூட அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பையைத் தூக்குபவன் 'கேடி', குழி இருக்கும் வழுவழுப்பான புல்தரை 'கிரீன்', மணற்பள்ளம் 'பங்கர்'. அவர்கள் வழங்கிய சொற்களையே நானும் இங்கே வழங்குகிறேன்.

மூவாரை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் பிறந்தேன். அத்தோட்டத்தில் ஒன்பது குழிகள் கொண்ட ஒரு சிறு திடல் இருந்தது. வெள்ளைக்காரத் துரைமார் தம் பொழுதுபோக்கிற்காக அமைத்துவிட்டுச் சென்றது. என் தந்தையார் அதில் புல்வெட்டும் வேலை பார்த்தார். 1980களின் தொடக்கத்தில், நான் இடைநிலைப்பள்ளியில் பயின்ற காலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் கேடியாகச் செல்வேன். தோட்ட நிருவாகியும், பட்டணத்திலிருந்து வரும் சீன வணிகர்களும், ஓரிரு அரசாங்க அதிகாரிகளும் ஆடுவார்கள். எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணியும் ஆடுவார். அவர் தமிழர் என்பதால் அவருடைய பையைத் தூக்க எங்களுக்குள் போட்டி.

அத்திடலின் ஏழாவது குழியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அது 'பார் ஐந்து'. அதாவது, தேர்ந்த ஆட்டக்காரர் ஐந்து அடிகளில் பந்தைக் குழிக்குள் சேர்த்துவிட வேண்டும் என்று வகுக்கப்பட்ட நீண்ட குழி. கிரீனுக்கு முன்னால், குறுக்கே, ஒரு பெரிய வாய்க்கால் ஓடியது. முதல் அடியை நன்றாக அடித்தவருக்கு அங்கே ஒரு சிக்கல் காத்திருக்கும். இரண்டாம் அடியிலேயே வாய்க்காலைத் தாண்டிக் கிரீனைத் தொட முயலலாம், தொட்டுவிட்டால் நான்கு அடியில் முடியும், ஒன்று இலாபம். தவறினால் பந்து நீருக்குள். ஓர் அடி தண்டம். அன்றி, வாய்க்காலுக்கு இப்பால் பந்தை மெல்ல நிறுத்தி, மூன்றாம் அடியில் தாண்டலாம். முன்னதை நேரே அடித்தல் என்போம். பின்னதை நிறுத்தி அடித்தல் என்போம். ஆட்டக்காரர் 'லே-அப்' என்பர். இவ்விரண்டில் எதைத் தேர்வது என்பதே அந்த ஆட்டத்தின் அறிவு முழுவதும் என்று சொன்னால் மிகையாகாது. கையின் திறமை வேறு. அதைப் பற்றி நான் பேச வரவில்லை.

பெரிய கிராணி அவ்விடத்தில் நின்று என்னைத் திரும்பிப் பார்ப்பார். "தம்பி, எட்டுமா?" என்பார். பதினான்கு வயதுச் சிறுவனிடம் கேட்கப்படும் அந்தக் கேள்வி சிறியதன்று. எட்டும் என்று சொல்லிப் பந்து நீரில் விழுந்தால், அன்றைய கூலிக்கு மேல் கிடைக்கும் சில்லறை போய்விடும். எட்டாது என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக் கொண்டிருந்தால், அடுத்த ஞாயிறு அவர் வேறு பையனைக் கூப்பிடுவார். ஆகவே பார்த்துச் சொல்லப் பழகினேன். தூரம் எவ்வளவு, இன்றைக்கு இவர் கை எப்படி ஓடுகிறது, காற்று எத்திசையில், பந்து கிடக்கும் புல் தடிப்பா மெலிவா. நம் நாட்டுத் திடல்களில் அகன்ற இலையுடைய மாட்டுப்புல் மிகுதி. மழை பெய்த மறுநாள் பந்து அதில் விழுந்த இடத்திலேயே குந்திக்கொள்ளும். உருண்டு சேரும் என்று நம்ப முடியாது. வறண்ட சீமை நாட்டுத் திடலில் தரையில் பட்டு ஐம்பது அடி ஓடும் பந்து, இங்கே வானில் பறந்தே அத்தூரத்தையும் கடந்தாக வேண்டும். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் என் தந்தையார். அவர் ஒரு நாளும் அந்தக் கோலைக் கையில் பிடித்து ஆடியவரல்லர், புல்லை அறிந்தவர்.

பின்னாளில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் திருக்குறள் பொருட்பாலைப் பாடமாகப் படித்தபோது, எனக்குள் நானே நகைத்துக்கொண்டேன். தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று 47 முதல் 50 வரை நான்கு அதிகாரங்கள் வரிசையாக நிற்கின்றனவே, அவை முழுவதும் அந்த ஏழாவது குழியின் கரையில் நின்று எழுதியவை போல் எனக்குத் தோன்றின. செய்யும் செயலின் கடுமை, தன் ஆற்றல், எதிர்த்து நிற்பதன் ஆற்றல், துணையாக வருவதன் ஆற்றல் என நான்கையும் எடைபோடச் சொல்கிறார் வள்ளுவர். தூரம், கை, காற்று, புல் என்று கேடிப் பையன் போட்ட கணக்கும் அதுவே. காலமறிதலில் ஓர் ஆட்டுக்கடா வருகிறது. மோதுவதற்கு முன் பின்வாங்கும் கடா. மாணவர்களுக்கு அக்குறளை நடத்தும்போதெல்லாம் நான் ஒன்றை வற்புறுத்துவது வழக்கம். கடா பின்வாங்குவதைப் பெருமையாகச் சொல்லும் புலவர், அது மோதப் போகிறது என்பதனால்தான் அப்பெருமையைத் தருகிறார். பின்வாங்கிவிட்டுப் புல் மேயப் போகும் கடாவுக்குக் குறளில் இடமில்லை.

நிறுத்தி அடித்தலும் அவ்வாறே. மூன்றாம் அடியை எங்கிருந்து அடிக்கப் போகிறோம் என்று எண்ணி, சரிவில்லாத, புல் நன்றாக இருக்கும் ஓர் இடத்தைத் தேர்ந்து அங்கே பந்தைக் கொண்டுபோய் வைப்பதுதான் நிறுத்தி அடித்தல். அச்சத்தால் கோலைச் சுருக்கிப் பிடித்து எங்கோ தட்டிவிடுவது அன்று. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நிறுத்துவது என்று முடிவு செய்தபின், மிக நன்றாகப் பட்டாலும் நீரை எட்டாத கோலையே எடுக்க வேண்டும். நிறுத்த எண்ணி அடித்த பந்து வாய்க்காலில் விழுவதைப் போன்ற பரிதாபம் அந்த ஆட்டத்தில் வேறில்லை. நேரே அடித்து விழுந்தவனுக்காவது துணிந்தான் என்ற பெயர் மிஞ்சும்!

இந்த ஆட்டம் நம்மவர் வாழும் நாடுகளுக்கு வந்த வரலாறு நீண்டது. கல்கத்தாவில் 1829லேயே கோல்ப் மன்றம் அமைந்துவிட்டது. கோலாலம்பூரில் சிலாங்கூர் மன்றம் 1893லும், கொடைக்கானல் மன்றம் 1895லும் தோன்றின. பை சுமந்தவர் ஆட்டக்காரராக உயர்ந்த கதைகளும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கேடியாக இருந்த இந்திய வம்சாவளியினர் பப்வா சேகோலம், கைகளை எல்லாரும் பிடிக்கும் முறைக்கு மாறாக மேல் கீழாக மாற்றிப் பிடித்து அடிப்பவர். எழுத்தறிவில்லாத அவர் டச்சுத் திறந்தநிலைப் போட்டியை 1959, 1960, 1964 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் வென்றார். 1963இல் தம் ஊரிலேயே நேட்டால் போட்டியை வென்றபோது, நிறவெறிச் சட்டத்தின் காரணமாக மன்றக் கட்டடத்துக்குள் அவரை விடவில்லை; வெளியே மழையில் நின்று பரிசைப் பெற்றார். மலேசியாவில் மாரிமுத்து ராமையா, பெரியசாமி குணசேகரன் எனும் தமிழ்ப் பெயர்கள் தொழில்முறை ஆட்டக்காரர் வரிசையில் இடம்பெற்றன. அப்பெயர்களை நாளேட்டின் விளையாட்டுப் பக்கத்தில் கண்டால் என் தந்தையார் எழுத்துக் கூட்டிப் படிப்பார்.

இனி, நேரே அடிப்பதா நிறுத்துவதா என்ற வழக்குக்கு உலகம் அறிந்த சில சாட்சிகளை அழைக்கிறேன்.

1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் அகஸ்டா திடலில், மாஸ்டர்ஸ் என்று இன்று புகழ்பெற்றிருக்கும் போட்டியில், ஜீன் சாராசன் மூன்று அடிகள் பின்தங்கி இருந்தார். பதினைந்தாவது குழி பார் ஐந்து. கிரீனுக்கு முன்னால் குளம். ஏறத்தாழ 235 கெஜத்திலிருந்து அவர் நேரே அடித்த பந்து, குளத்தைத் தாண்டிக் குழிக்குள்ளேயே சென்று விழுந்தது. ஐந்தடிக் குழி இரண்டே அடியில் முடிந்தது. மூன்று அடி வித்தியாசமும் ஒரே நொடியில் மறைய, மறுநாள் நடந்த மறு ஆட்டத்தில் அவரே வென்றார்.

அதே குழியில் 1993இல் சிப் பெக் நின்றார். அவரும் மூன்று அடிகள் பின்னால்தான். தூரமும் ஏறத்தாழ அதேதான். அவர் குளத்துக்கு முன்னால் நிறுத்தினார். ஐந்தில் முடித்தார். முன்னணியில் இருந்த பெர்னார்ட் லாங்கர் அக்குழியை நான்கில் முடித்து, இறுதியில் நான்கு அடி வித்தியாசத்தில் வென்றார். பெக்கைக் கோழை என்று ஏசியவர் பலர். கோழை என்ற சொல் எனக்கு உடன்பாடன்று. காற்றையும் பந்து கிடந்த நிலையையும் அவர்தாம் அறிவார். ஆனால் நான்கே குழிகள் எஞ்சியிருக்க, மூன்று அடி பின்தங்கியவன் எதைக் காப்பாற்றுவதற்காக நிறுத்துகிறான்? இரண்டாம் இடத்தையா? அவர் காத்தது அதைத்தான், பெற்றதும் அதைத்தான்.

மறுபுறம், 1999இல் ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி திடல். பிரெஞ்சுக்காரர் ழான் வான் டி வெல்டெ கடைசிக் குழிக்கு வந்தபோது மூன்று அடிகள் முன்னணியில் இருந்தார். அது பார் நான்கு. ஆறு அடித்தாலும் கோப்பை அவருடையது. அவர் பெருங்கோலை எடுத்தார். பந்து விலகிச் சென்றாலும் தப்பித்தது. இரண்டாம் அடியில் மீண்டும் கிரீனை நோக்கினார். பந்து பார்வையாளர் மேடையின் கம்பியில் பட்டுத் திரும்பி, நீண்ட புல்லுக்குள் விழுந்தது. அங்கிருந்து மூன்றாவது, குறுக்கே ஓடிய ஓடைக்குள். காலணியைக் கழற்றிவிட்டு அவர் ஓடைக்குள் இறங்கி நின்ற காட்சி உலகெங்கும் பரவியது. தண்டம் ஏற்றுப் பந்தை வெளியே வைத்து அடித்தால், மணற்பள்ளம். கடைசியில் ஏழு. மும்முனை மறு ஆட்டத்தில் பால் லாரி வென்றார்.

இரண்டாம் அடியைத்தான் எல்லாரும் பழிக்கிறார்கள். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. கம்பியில் பட்டுத் திரும்பியது யாருடைய கணக்கிலும் இல்லாத விபத்து. ஆனால் நீண்ட புல்லுக்குள் சிக்கியபின், முன்னால் ஓடை இருக்க, அதன் மேலாகவே அடிக்கத் துணிந்தாரே, அந்த மூன்றாம் அடிதான் வலியறியாத அடி. பக்கவாட்டில் தட்டி வெளியே எடுத்திருந்தால், அதற்குப் பின்னும் அவரிடம் மூன்று அடிகள் இருந்தன.

ஒவ்வொரு முறையும் நிறுத்தியே வென்றவரும் உண்டு. 2007 மாஸ்டர்ஸ் போட்டியில் சாக் ஜான்சன் நான்கு நாட்களிலும் சேர்த்துப் பதினாறு பார் ஐந்து குழிகளைச் சந்தித்தார். ஒன்றில்கூட இரண்டாம் அடியில் கிரீனை நோக்கி அடிக்கவில்லை. ஆயினும் அப்பதினாறில் பதினோர் அடிகளை இலாபமாக்கிக்கொண்டு, டைகர் வுட்சைப் பின்தள்ளி வாகை சூடினார். அவர் நெடுந்தூரம் அடிப்பவரல்லர். மூன்றாம் அடியில் வல்லவர். தன் வலி அறிந்த கடா!

சான்றுகள் இருபுறமும் இருப்பதால், தனித்தனிக் கதைகளைக் கொண்டு தீர்ப்பு வழங்க இயலாது. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, தொழில்முறை ஆட்டக்காரர் அடித்த இலட்சக்கணக்கான அடிகளைத் திரட்டிக் கணக்கிட்டு, 2014இல் ஒரு நூல் வெளியிட்டார். சீரான புல்தரையில் 100 கெஜத்திலிருந்து குழியில் சேர்க்கச் சராசரியாக 2.80 அடிகள் ஆகின்றன. 80 கெஜத்திலிருந்து 2.75, 20 கெஜத்திலிருந்து 2.40. 'எனக்குப் பழகிய நூறு கெஜத்தில் நிறுத்துகிறேன்' என்று சொல்லும் பலருக்கு இக்கணக்கு இனிப்பாக இராது. அருகில் செல்லச் செல்ல நன்மைதான்.

இதைக் கொண்டு மாணவர்கள் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 80 கெஜத்தில் நிறுத்தினால், நிறுத்தும் அடி ஒன்று, அதன்பின் 2.75, ஆக 3.75. நேரே அடித்துக் கிரீனின் அருகே 20 கெஜத்தில் சேர்ந்தால், 1 கூட்டல் 2.40, ஆக 3.40. நீரில் விழுந்தால், அடி ஒன்று, தண்டம் ஒன்று, பிறகு ஏறத்தாழ 80 கெஜத்திலிருந்து 2.75, ஆக 4.75. எத்தனையில் ஒரு முறை நீரில் விழுந்தால் இரு வழிகளும் சமமாகும்? ஏறத்தாழ நான்கில் ஒரு முறை. நான்கில் ஒன்றுக்கும் குறைவாகத்தான் விழும் என்று நேர்மையாகச் சொல்லக் கூடியவன் நேரே அடிக்கலாம். அதற்கு மேல் விழுபவன் நிறுத்த வேண்டும். இக்கணக்கு தொழில்முறையாளருக்குரியது, நம் பெரிய கிராணிக்கு வேறு எண்கள். ஆனால் கணக்கின் வடிவம் மாறாது.

கரும்பலகையில் வராத ஒன்று உண்டு. தண்டம் ஓர் அடி என்று விதி சொல்கிறது. அந்த ஓர் அடி எல்லாருக்கும் ஒரே விலையா? தோட்டத்துத் திடலில், வணிகர் ஒருவர் மூன்று பந்துகளை அடுத்தடுத்து வாய்க்காலில் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே நான்காவதைக் கேட்பார். பெரிய கிராணியோ ஒரு பந்து விழுந்தாலும் கரையில் நின்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார். மாலையில் நாங்கள் சிறுவர்கள் வாய்க்காலில் இறங்கித் துழாவி, அகப்பட்ட பந்துகளைக் கழுவி விற்போம். எங்களுக்கு ஒரு பந்து ஒரு வாரத்துப் பள்ளிச் செலவு. நீர் ஒன்றுதான், அதன் ஆழம் ஆளுக்கு ஆள் வேறு.

இதை எழுதக் காரணம் உண்டு. நம் சமூகம் நெடுங்காலமாக நிறுத்தி அடித்தே வந்த சமூகம். தோட்டத்துப் பிள்ளை படித்தால் ஆசிரியர் வேலை, இல்லையேல் ஏதேனும் ஓர் அரசாங்கச் சிப்பந்தி வேலை; மாதம் பிறந்தால் சம்பளம். நான் பயிற்சிக் கல்லூரிக்குச் சென்றதும் அவ்வழியில்தான். அதில் எனக்கு மனக்குறை சிறிதும் இல்லை. நின்ற இடம் நல்ல இடம். ஆயினும் வகுப்பறையில் நாம் கற்பிப்பதைக் கவனியுங்கள். 'தெரிந்த வினாவை முதலில் எழுது. கடினமானதை விடு' என்கிறோம். தேர்வு மண்டபத்துக்கு அது சரி. அதே குரலில் வாழ்க்கைக்கும் சொல்லிவிடுகிறோமோ என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு.

சென்ற ஆண்டு, என் பழைய மாணவி ஒருத்தியின் தந்தை என்னைக் காண வந்தார். லாரி ஓட்டுபவர். மூவார் மரச்சாமான் தொழிற்சாலைகளிலிருந்து சரக்கு ஏற்றிச் செல்கிறார். மகள் எஸ்.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி. மெட்ரிகுலேசன் இடம் கிடைக்கவில்லை. டிப்ளோமாவுக்கு அழைப்பு வந்திருந்தது. அவளோ ஆறாம் படிவம் சேர்ந்து, அறிவியல் பிரிவில் எஸ்.டி.பி.எம். எழுதி, மருந்தியல் படிக்க வேண்டும் என்று நின்றாள். ஒன்றரை ஆண்டு, மூன்று பருவங்கள், கடினம் என்று பெயரெடுத்த தேர்வு.

"சார், கையில வந்தத விட்டுட்டு எதுக்கு ஆத்துல எறங்கணும்? நீங்க சொன்னா கேப்பா" என்றார் அவர்.

நான் அவருக்குக் கோல்ப் கதை சொல்லவில்லை. கேடிப் பையன் கேட்கும் கேள்விகளையே கேட்டேன். எந்தப் பாடத்தில் என்ன தேர்ச்சி, வேதியியல் எப்படி, பள்ளி வீட்டிலிருந்து எவ்வளவு தொலைவு, பேருந்துக்கு என்ன செலவு. பிறகு, "அண்ணே, தவறிப்போனா என்ன நட்டம்?" என்று கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. எஸ்.பி.எம். சான்றிதழ் எங்கும் போய்விடாது. அதைக் கொண்டு பின்னர் மீண்டும் டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்பதை எடுத்துச் சொன்னேன். இழப்பு ஒன்றரை ஆண்டு.

"ஒன்றரை வருசம் உங்களுக்குச் சின்னதா இருக்கும் சார். லாரிக் கடன் இன்னும் நாலு வருசம் இருக்கு. இவளுக்குப் பின்னாடி ரெண்டு பேரு" என்றார். அச்சொல்லுக்கு என்னிடம் மறுமொழி இல்லை. வாய்க்காலின் ஆழத்தை அவர் அளந்து சொன்னபின், கரையில் நிற்பவன் ஆழமில்லை என்று எப்படிச் சொல்வது?

அதுவரை வாளாவிருந்த அந்தப் பெண் அப்போதுதான் பேசினாள். "அப்பா, முதல் பருவத் தேர்வு முடிவு வந்ததும் பார்ப்போம். வேதியியல்ல நான் நெனைச்ச மாதிரி வரலைன்னா, அப்பவே டிப்ளோமாவுக்கு விண்ணப்பம் போட்டுடறேன். ஒன்றரை வருசம் போகாது."

தந்தையார் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். "எந்தத் தேர்ச்சிக்குக் கீழே வந்தால்?" என்று கேட்டேன். ஒரு தாளை எடுத்துத் தேர்ச்சியையும் தேதியையும் அவளே எழுதினாள். தந்தையார் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று மாலை தஞ்சோங் எமாஸ் பக்கம் நடக்கச் சென்றேன். அங்குள்ள திடலில் ஆற்று முகத்துவாரத்துக் காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. ஒருவர் இரண்டு கோல்களை மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்துவிட்டுச் சின்னக் கோலையே வைத்துக்கொண்டார்.

முதல் பருவத்தில் அவள் எழுதி வைத்த தேர்ச்சி வந்துவிட்டது. இப்போது இரண்டாம் பருவம். போன வாரம் பள்ளிக்கு வந்து, உயிரியலுக்கு மூவாரில் யாரிடம் டியூசன் போகலாம் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியரின் தொலைபேசி எண்ணைக் குறித்துக் கொடுத்தேன். அவர் கட்டணத்தைக் குறைத்துக்கொள்வார் என்றும் சொல்லி அனுப்பினேன்.